மூணாவது அடி

முதல் தடவை அவங்க வந்தப்போ, ரேஷன் கார்டுல கை வைக்கத்தான் வந்திருக்காங்கன்னு எங்க தெரு முழுக்க நினைச்சது. வெள்ளை கார். கழுத்துல அட்டை மாட்டின ரெண்டு பேர். கையில நோட்டு. உத்திரமேரூர் ஏரிக்கரைக்குக் கீழே எங்க இருளர் வீடுங்க மொத்தம் இருபத்திரண்டு. எங்களைத் தேடி கார் வந்து நல்லது நடந்ததா எனக்கு நினைவு இல்லை.

வந்த ஆள் பேர் வசந்த்குமார். கூட வந்த பொண்ணு பிரிஸ்கில்லா. சென்னையில கம்ப்யூட்டர் கேம் செய்யிற கம்பெனியாம். இருநூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னால புள்ளலூர்ல ஐதர் படைக்கும் வெள்ளைக்காரன் கும்பினிப் படைக்கும் நடந்த சண்டையை கேமா செய்யறாங்களாம். ஆடுறவங்க எந்தப் பக்கம் வேணும்னாலும் சேரலாம். எந்தப் பக்கம் சேர்ந்தாலும் குதிரைக்கும் ஆளுக்கும் தீனி வேணும். அதுக்கு ஊருக்குள்ள நுழையணும். சிப்பாய்க்கு முகம் சென்னையிலயே கிடைச்சிட்டது, ஊர் ஜனத்துக்குத்தான் முகம் வேணும், அதான் வந்தோம்னு சொன்னார். ஒரு நாள் கூலிக்கு மேலேயே தர்றோம்னார்.

முகத்துக்கு எதுக்குக் கூலி? எனக்கு அது பிடிபடலை. எங்க முகத்தை இதுக்கு முன்னால ஸ்டேஷன்லதான் எடுத்திருக்காங்க. எங்கயாவது ஒரு வீட்டுல பூட்டு உடைஞ்சா எங்க தெருவுல நாலு பேரைக் கூட்டிப்போய், நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுப்பாங்க.

பிரிஸ்கில்லா வீடு வீடா வந்து ஒரு கேள்வி கேட்டது. "குதிரைக்காரங்க வந்து நெல்லைக் கேட்டா, எங்க ஒளிச்சு வைப்பீங்க?"

இதைப் போய் யாராவது எங்ககிட்ட கேப்பாங்களா? கணக்கெடுக்கத்தான் கேக்குதுன்னு எல்லாருக்கும் உடனே தோணிப்போச்சு. எங்ககிட்ட ஒண்ணுமே இல்லம்மான்னு ஒவ்வொரு வீட்டுலயும் ஒரே பதில். எனக்கு வலது பக்கத்து வீட்டு அம்முலு, கூலிக்கு வந்த நெல்லை முறத்துல வெச்சுப் புடைச்சுக்கினு இருந்தவ, புடைக்கிறதை நிறுத்தாமலே சொன்னா: "நெல்லா? நாங்க கண்ணால பாத்ததே இல்லம்மா."

அந்தப் பொண்ணு சிரிக்கலை. அதையும் எழுதிக்கிச்சு.

என்கிட்ட வந்தப்போ இன்னொண்ணும் கேட்டது. கேம்ல பேரெல்லாம் நிஜமா இருந்தா நல்லா இருக்கும், உங்க பக்கத்துல இருக்கிறவர் பேர் ஒண்ணு சொல்லுங்க ஐயான்னு. அம்முலு வூட்டுக்காரன் பேரைச் சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு எதிர்வீட்டுப் பேர்தான் வந்தது. இருபது வருஷமா தொண்டையில நிக்கிற பேர்.

"வேதகிரி" என்றேன்.

வேதகிரி யாருன்னு சொல்லணும். அம்சாவுக்கு, அதான் என் சம்சாரத்துக்கு, பெரியப்பா மகன். எனக்கு மச்சான். ஒரே அரிசி மில்லுல முன்பணம் வாங்கிட்டு ரெண்டு குடும்பமும் அடைஞ்சு கிடந்தோம். நெல் அவிக்கிற தொட்டிக்கும் காயப்போடுற களத்துக்கும் நடுவுலதான் எங்க உலகம். கேட்டுக்கு வெளியே போகணும்னா முதலாளி ஆளு கூட வரணும். ஒரு நாள் விடியறதுக்கு முன்னால வேதகிரி பொண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கினு சுவரேறிக் குதிச்சுட்டான். எங்க போறான்னு என் ஒருத்தன்கிட்டதான் சொல்லியிருந்தான். பழையசீவரத்தாண்ட பாலாத்தங்கரையில பனங்காடு. அங்க ரெண்டு நாள் பதுங்கியிருந்துட்டு ஆத்தைத் தாண்டிடறேன் மாப்ள, நீயும் பின்னால வந்துடுன்னான்.

ரெண்டாம் நாளே வேன்ல தூக்கிக்கினு வந்துட்டாங்க. இரும்புக் குழாயால வலது முழங்காலை உடைச்சாங்க. கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலை. அது கோணலாவே கூடிப்போச்சு.

இடத்தைச் சொன்னது நான்தான்.

இதை யார்கிட்டயும் நான் சொன்னதில்லை. அம்சாவுக்குத் தெரியும், அவ அங்கதான் இருந்தா. அப்புறம் ஆபீசருங்க வந்து எங்களை மீட்டு, இங்க எதிரும் புதிருமா மனை குடுத்தாங்க. வேதகிரி ஒரு வார்த்தை கேக்கலை. ஆனா என் வாசலைத் தாண்டி நடக்கமாட்டான். ஒடிஞ்ச காலை இழுத்துக்கினு வாய்க்கா வழியா சுத்திப் போவான். என் பேரைச் சொல்லமாட்டான், 'இவன்'னுதான் சொல்லுவான். அம்சாவை ஒண்ணு ரெண்டு தடவை தெருவுல கூப்பிட்டிருக்கான், அவ திரும்பலை. அதுக்கப்புறம் அவளையும் விட்டுட்டான். சந்தேகம்னு ஒண்ணு அவனுக்கு இருந்தது. அது சந்தேகமாவே இருந்து, எங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் கண்ணை மூடிட்டா போதும்னுதான் நான் நாளைத் தள்ளிக்கினு இருந்தேன். ஊர்ஜிதமாயிட்டா அந்தத் தெருவுல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது?

படம் எடுக்கிற அன்னிக்குப் படிப்புக் கொட்டகையில கறுப்புத் துணி கட்டினாங்க. நான் நாப்பத்தி மூணு வயசுல எழுத்துக் கத்துக்கினது அந்தக் கொட்டகையிலதான். ஒரு முக்காலியில குந்தவெச்சு, கேமராவை என்னைச் சுத்தி சுத்திக் கொண்டுபோனாங்க. காதுக்குப் பின்னாலகூட எடுத்தாங்க. பயப்படுற மாதிரி பாருங்க ஐயான்னார் வசந்த்குமார். மரம் வெட்டி வெட்டித் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது, கையை மேல தூக்கினாலே முகம் சுளிக்கும். அதைப் பார்த்துட்டு, அருமை, அப்படியே இருங்கன்னார்.

அப்புறம் குரல். மத்தவங்களுக்கெல்லாம் பிரிஸ்கில்லா சொல்லிக்குடுத்து, அவங்க திருப்பிச் சொன்னாங்க. நான் மட்டும், குடும்மா நானே படிக்கிறேன்னேன். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு எழுத்துதான் முதல்ல வந்து சேரும். அர்த்தம் மெல்ல நடந்து பின்னால வரும். பேப்பர்ல முப்பது வரி இருந்தது. ஒவ்வொண்ணையும் விரல் வெச்சு, ஒரு எழுத்து விடாம, சத்தமா, திக்காம படிச்சு முடிச்சேன். அந்தப் பொண்ணு கை தட்டிச்சு. நான் கையெழுத்தும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து பானையில தண்ணி மொண்டு கை கழுவுறப்போதான் கடைசி வரி வந்து சேர்ந்தது.

'அடிக்காதீங்க சாமி, சொல்லிடறேன். வேதகிரி வூட்டுக்குப் பின்னால, பனங்காட்டுல குழி கீது.'

சொம்பு கையிலயே இருந்தது. இவங்களுக்கு யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். மில்லு முதலாளியோட ஆளுங்களோ? இல்லை, வேதகிரியே காசு குடுத்து என் வாயால சொல்ல வெச்சானோ? அம்சாகிட்ட சொன்னேன். வேதகிரி பேரைக் குடுத்தது யாருன்னு கேட்டா. நான்தான்னேன். ஏரியைச் சுத்திப் பனைமரம்தானே நிக்குது, வேற எந்தக் காட்டை எழுதும் அந்தப் பொண்ணுன்னு கேட்டா. நியாயமாத்தான் இருந்தது. ஆனாலும் என் சந்தேகம் போகலை.

மறுநாள் பிரிஸ்கில்லாவுக்குப் போன் பண்ணேன். அந்த வரியை எடுத்துடும்மான்னேன். அது சுலபமா வராதுங்க ஐயான்னு சொல்லிச்சு. ஆடுறவங்க குதிரையில வந்து உங்களை நெல்லு எங்கன்னு கேப்பாங்க. நீங்க இல்லைன்னு சொல்வீங்க. அவங்க உங்களை விட்டுட்டுப் போகலாம், இல்லை அடிக்கலாம். விட்டா அவங்க படை பட்டினி. அடிச்சா, மூணாவது அடியிலதான் நீங்க சொல்லுவீங்க. எது சரின்னு நாங்க சொல்லமாட்டோம், ஆடுறவங்க மனசாட்சிக்கே விட்டுடறோம். இதான் இந்த கேமோட முக்கியமான இடம்.

ஆடிப் பாத்தாங்களான்னு கேட்டேன். கம்பெனியில பத்துப் பேர் ஆடிப் பாத்தாங்களாம்.

"அதுல எத்தினி பேரும்மா விட்டாங்க?"

"ஒருத்தர். அவரும் பட்டன் மாத்தி அமுக்கிட்டார் ஐயா."

அந்தப் பொண்ணு பொய் சொல்லலை, அதுவரைக்கும் சரி. வசந்த் சார்கிட்ட பேசிப் பாக்கிறேன்னு சொல்லிச்சு. பேசிச்சோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

ரெண்டு மாசம் கழிச்சு அதே கார். முகம் குடுத்தவங்களுக்கு முதல்ல காட்டணும், அதுதான் மரியாதைன்னு சொல்லி, கொட்டகையில பெரிய டிவியை வெச்சாங்க. பட்டப்பகல்ல சன்னலுக்கெல்லாம் கோணி கட்டினாங்க. தெருவே உள்ளே நுழைஞ்சிட்டது. நான் வாசலாண்ட நின்னேன். அம்சா முன்னால பொம்பளைங்களோட குந்திக்கினா.

டிவியில எங்க தெரு வந்தது. எங்க தெரு மாதிரி, ஓட்டுக்குப் பதிலா கீத்து. அம்முலு முறத்தை வெச்சுக்கினு, நாங்க கண்ணால பாத்ததே இல்லன்னு சொன்னா. கொட்டகை குலுங்கிச்சு. அதைப் போய் அப்படியே போட்டுக்கிறாளே பாவின்னு அம்முலுவே தலையில அடிச்சுக்கினா. வீட்டோரம் சீமைக்கருவை வளர்ந்து நின்னது. அந்தக் காலத்துல இது ஏதுப்பா, வெட்டி வெட்டி எங்க கைதான் போச்சுன்னு யாரோ சொல்ல, வசந்த்குமார் சங்கடமா சிரிச்சுட்டு, மாத்திடறோம்னார்.

அப்புறம்தான் அது நடந்தது. யாராவது ஒரு பெரியவர் ஆடிப் பாருங்கன்னு சொல்லிட்டு, வசந்த்குமாரே முன்வரிசையில இருந்த வேதகிரி கையில அந்தக் கருவியைக் குடுத்தார். பிரிஸ்கில்லா எழுந்திரிச்சு, வேற யாராவது ஆடட்டும் சார்னு சொல்லிப் பாத்தது. அவர் காதுல வாங்கலை. வேதகிரிக்கு எழுத்துத் தெரியாது. சிவப்புப் பட்டன் அடிக்க, பச்சை விட, அவ்ளோதான் ஐயான்னு அவர் சொல்லிக்குடுத்தார்.

குதிரை தெருவுக்குள்ள வந்தது. வேதகிரி கட்டைவிரலைத் தள்ளத் தள்ள அது நடந்தது. வாசல்ல நான் நின்னுக்கினு இருந்தேன். என் முகம், என் தோள், முகம் சுளிக்கிற அந்தச் சுளிப்பு. இடுப்புல மட்டும் யாரோடதோ வேட்டி.

நெல் எங்கடான்னு குதிரை மேல இருந்தவன் கேட்டான். ஒண்ணுமில்லீங்க சாமின்னேன் டிவிக்குள்ள.

வேதகிரி சிவப்பை அமுக்கினான். சவுக்கு விழுந்தது, நான் குனிஞ்சேன். ஒண்ணுமில்லீங்க சாமி. ஜனம் சிரிச்சது. எங்க வூட்டு முருங்கைய ஒடிச்சதுக்கு இன்னொண்ணு வைங்கன்னு அம்முலு குரல் குடுத்தா. வேதகிரி திரும்பவும் அமுக்கினான். டிவியில நான் மண்ணுல விழுந்தேன். உதட்டுல ரத்தம். எனக்குத் தெரியாதுங்கன்னேன். இந்தத் தடவை சிரிப்புக் குறைஞ்சுபோச்சு.

திரையில ரெண்டு வார்த்தை நின்னது. அடி. விடு. எனக்கு அதைக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கலை, பாத்த உடனே புரிஞ்சது. வேதகிரி கட்டைவிரல் சிவப்பு மேலயே இருந்தது. ஆனா அவன் டிவியைப் பாக்கலை. கழுத்தைத் திருப்பி, அத்தனை தலைக்கும் மேல, என்னைப் பாத்துக்கினு இருந்தான்.

பச்சையை அமுக்குன்னு நான் சொல்லியிருக்கலாம். சொன்னா அவன் விட்டிருப்பானோ என்னவோ. ஆனா அந்த டிவிக்குள்ள கிடக்கிறவன் சொல்லி அவன் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு தோணிச்சு. அது என் குரல்தான். இருந்தாலும் அது நான் இல்லை.

"அமுத்தாத மச்சான்" என்றேன். "மூணாவதுல சொல்லிடுவான். அன்னிக்கி நானும் சொல்லிட்டேன்."

சின்னப் பசங்களுக்குப் புரியலை, பெரியவங்களுக்கெல்லாம் புரிஞ்சது. அந்த மில்லுல கிடந்தவங்க இன்னும் ஏழெட்டு பேர் அங்க இருந்தாங்க.

வேதகிரி கருவியை மடியில வெச்சான். "நீதான்னு தெரியும்" என்றான். இருபது வருஷத்துல நேரா என்னைப் பாத்து முதல் பேச்சு. "அந்த எடம் உன்னத் தவுர யாருக்குத் தெரியும்? எத்தினி அடிக்கி சொன்னன்னுதான் தெரியாது. இத்தினி வருசமா அத்தத்தான் எண்ணிக்கினு கீறேன். ஒரு அடியா, பத்து அடியா, இல்ல அடியே இல்லாம ஒரு டீக்கா."

அம்சா எழுந்திரிச்சா. முந்தானையை இழுத்துச் சொருகிக்கினா.

"அவருக்கு எத்தினியோ விழுந்துச்சிண்ணே. சொல்லல" என்றா. "அப்பால அவர விட்டுட்டு என்ன இழுத்தாங்க. ஒண்ணு. ரெண்டு. மூணாவது இங்க." இடது காதைத் தொட்டா. "அதுலேர்ந்து இந்தப் பக்கம் கேக்காது. அப்பதான் சொன்னாரு."

காது விஷயத்தை நாங்க யாருக்கும் சொன்னதில்லை. கேக்கலைன்னு சொன்னா எப்படின்னு கேப்பாங்க. எப்படின்னு சொன்னா எதுக்குன்னு கேப்பாங்க. அதனால அவ எல்லார் பேச்சுக்கும் தலையைச் சாய்ச்சு, தலையைச் சாய்ச்சு, அதுவே அவ வழக்கம்னு தெரு நினைச்சுக்கிச்சு. வேதகிரி கூப்பிட்டு அவ திரும்பாம போன அந்த ஒண்ணு ரெண்டு தடவையும் அவன் எந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டான்னு அவனுக்கு இப்போ நினைவு வந்திருக்கணும். அவளோட காதையே பாத்துக்கினு இருந்தான்.

வசந்த்குமார் மெதுவா வாயைத் திறந்தார். தப்பா நினைக்காதீங்க, இதைக் கேக்கிறதுக்கே கஷ்டமா இருக்குன்னார். ஆனா இதுதான் உண்மை, ஆடுறவங்களுக்கு இந்த உண்மை தெரியணும், குடும்பத்தை வெச்சு மிரட்டுற மாதிரி ஒரு வழி நாம வைக்கலை பாருங்க பிரிஸ்கில்லா, அதை வெச்சா அந்த இடம் இன்னும் கனமா இருக்கும் இல்லியான்னார். கண்ணுல தண்ணி இருந்தது, அதையும் சொல்லணும். கண்ணுல தண்ணியோட பேசுறவங்களை நான் அதிகமா நம்புறதில்லை. பிரிஸ்கில்லா பேனாவைத் திறந்துட்டு, எழுதாம உக்காந்திருந்தது.

"அத்த மூடும்மா" என்றான் வேதகிரி. "அது எங்களுது."

அந்தப் பொண்ணு பேனாவை மூடிடுச்சு.

அப்புறம் அவன் டிவியைக் காட்டி, மூணாவதுல இவன் என்ன சொல்லுவான்னு கேட்டான். வேதகிரி வூட்டுக்குப் பின்னால, பனங்காட்டுல குழி இருக்குன்னு சொல்லுவார்னு பிரிஸ்கில்லா சொல்லிச்சு. இவன் அந்தக் குழியைச் சொன்னப்புறம் அங்க போய்த் தோண்டினா என்ன இருக்கும்னு கேட்டான். வசந்த்குமார், பத்து மூட்டை நெல்லு இருக்கும், படை பிழைச்சிடும்னார்.

"குழில ஒண்ணும் இல்லாம வையி."

அவருக்குப் புரியலை. வேதகிரி பொறுமையா, களத்துல வேலை சொல்ற மாதிரி சொன்னான். "இவன் சொல்லட்டும். அடி வாங்கினவன் சொல்லுவான், அதுக்கு இன்னா பண்றது. ஆனா போய்த் தோண்டினா காலியா இருக்கணும். நான் முந்தின நாளே நெல்லையும் புள்ளைங்களையும் ஏத்திக்கினு ஆத்தத் தாண்டிட்டிருக்கணும்."

அப்படி வெச்சா ஆடுறவங்க ஏமாந்த மாதிரி நினைப்பாங்க ஐயா, அடிச்சதுக்கு ஒரு பலனும் இல்லைன்னு கோவம் வரும்னு இழுத்தார் அவர்.

"வரட்டும்" என்றான் வேதகிரி.

புதுசா ஒரு பேப்பர்ல எழுதினாத்தான் முகத்தை வெச்சுக்கலாம், இல்லைன்னா எல்லார் முகத்தையும் திருப்பிக் குடுத்துட்டுப் போங்கன்னு நான் சொன்னேன். முகத்தை எப்படித் திருப்பிக் குடுக்கிறதுன்னு அவருக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. ஆனா பிரிஸ்கில்லா எழுதிச்சு. வேதகிரி பேர் வராது, பனங்காடு வராது, அம்சா சொன்னது எதுவும் வராது, குழி காலியா இருக்கும். அந்தத் தடவை விரல் வெச்சு ஒரு தரம் எழுத்துக்காகப் படிச்சேன். இன்னொரு தரம் அர்த்தத்துக்காகப் படிச்சேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். வேதகிரி கட்டைவிரலை வெச்சான், சிவப்புப் பட்டன் மேல இருந்த அதே விரல்.

கேம் வெளியில வந்துடுச்சான்னு எனக்குத் தெரியாது. வந்தாலும் யார் போய்த் தோண்டிப் பாக்கிறது? பேப்பர் அரிசிப் பானைக்குள்ள இருக்கு. எங்களுக்கு எழுதிக் குடுத்தவங்க எத்தனையோ பேர், செஞ்சவங்க யாருன்னு யோசிச்சா ஒரு விரலுக்குக்கூட ஆள் வரலை.

அன்னிக்குக் கொட்டகையை விட்டு வேதகிரி வாய்க்கா வழியாத்தான் சுத்திப் போனான். அதுக்கடுத்த நாளும் அப்படித்தான். மூணாவது நாள் காலையில அம்சா வாசல்ல சுள்ளி ஒடிச்சுக்கினு இருந்தா. நான் உள்ளே இருந்து பாத்தேன். தெருவைத் தாண்டி வந்தான். அவளுக்கு இடது கைப்பக்கமா வந்தவன், நின்னான். காலை இழுத்துக்கினு அவளைச் சுத்தி வலது பக்கம் போனான். அங்க நின்னுக்கினுதான் பேசினான்.

மரம் வெட்ட ஆள் ஏத்திப்போற வண்டி எத்தினி மணிக்கி வருதுன்னு கேட்டான். எட்டுக்குண்ணேன்னு சொன்னா அம்சா. சரின்னுட்டுப் போயிட்டான். உள்ளே வரலை.